இலவச மல்டிபிளேயர் கேம்: வந்த கூட்டத்தைக் கூறு போடாதீர்கள்

போன மாதம் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் என் அலுவலகத்துக்கு இரண்டு பையன்கள் வந்தார்கள். அலுவலகம் என்றால் மாடியில் ஓர் அறை, நாலு நாற்காலி, ஓர் இன்வெர்ட்டர். இருவரும் கல்லூரியில் கடைசி வருடம். தாங்கள் செய்த கேமைக் காட்டினார்கள். பத்துப் பேர் சேர்ந்து ஆடும் வாள்சண்டை, கைவேலை நன்றாகவே இருந்தது. ஆனால் முகப்பிலேயே ஆறு மோடு, அதாவது ஆறு விதமான ஆட்டம்.

"எதுக்கு தம்பி ஆறு?"

"எல்லாருக்கும் ஏதாவது ஒண்ணு பிடிக்கும்லா, அண்ணாச்சி."

சில வருடங்களுக்கு முன் இதே வாக்கியத்தை, அநேகமாக இதே முகபாவத்தோடு, நான் என் கூட்டாளியிடம் சொன்னேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். கீழே ஒவ்வொரு தலைப்பும் செய்யக் கூடாத ஒரு தவறு. ஐகான் அழகாக இருக்கட்டும், கூட்டம் வந்தால் சர்வர் தாங்க வேண்டும் என்பதையெல்லாம் யாரும் சொல்வார்கள். சர்வர் தாங்காமல் விழுந்தால்கூட அது கொடுத்துவைத்தவர்களுக்கு வரும் பிரச்சினை. எங்கள் சர்வர் ஒரு நாளும் விழவில்லை. காற்று வாங்கிக்கொண்டு நின்றது.

எல்லாக் கதவையும் முதல் நாளே திறப்பது

எங்கள் கேம் கள்ளன் போலீஸ். செம்மண் தேரிக்காடு, பனைமரங்கள், எட்டுப் பேர், எட்டு நிமிட ஆட்டம். சிறுவர் முதல் தாத்தா வரை ஆட வேண்டும் என்பது ஆசை. அதற்காக 4 மோடு வைத்தோம். உலகமே வரும் என்று மும்பை, சிங்கப்பூர், ஃபிராங்பர்ட் என 3 இடத்தில் சர்வர் எடுத்தோம். தேர்ந்தவர்கள் புதியவர்களை அடித்து நொறுக்கிவிடக் கூடாது என்று 3 ரேங்க் போட்டோம். ஒவ்வொன்றாகப் பார்த்தால் எல்லாமே நியாயம்தான்.

முதல் நாள் 3,000 பேர் டவுன்லோடு செய்தார்கள். அல்வா வாங்கிக் கொண்டாடினோம். இப்போது கணக்கைப் பாருங்கள். ஓர் ஆள் அன்றைக்கு 20 நிமிடம் ஆடினார் என்று வையுங்கள். மொத்தம் 60,000 நிமிடம். ஒரு நாளில் இருப்பது 1,440 நிமிடம். வகுத்தால், ஒரே நேரத்தில் கேமுக்குள் இருப்பவர்கள் சராசரியாக 42 பேர். அவர்களிலும் பாதிக்கு மேல் ஏற்கெனவே ஆட்டத்தில் இருப்பார்கள், காத்திருப்பவர்கள் அல்ல.

மோடு, சர்வர், ரேங்க் மூன்றும் ஒத்துப்போகிறவர்கள்தான் ஒரே வரிசையில் நின்று ஓர் ஆட்டத்தில் சேர முடியும். நாங்கள் திறந்து வைத்திருந்த வரிசைகள் எத்தனை? 4 மோடு, 3 சர்வர், 3 ரேங்க். பெருக்கினால் 36. ஒரு வரிசைக்கு ஓர் ஆள். ஆட்டம் தொடங்க எட்டுப் பேர் வேண்டும். இரவு ஒன்பது மணிக்குக் கூட்டம் மூன்று மடங்கானாலும் வரிசைக்கு மூன்றோ நாலோ பேர்தான்.

எட்டாம் வகுப்புப் பெருக்கலும் வகுத்தலும். இதைப் போட்டுப் பார்க்காமல் ஒரு வருடம் உழைத்திருக்கிறோம் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

மூன்றாம் நாள் இரவு அம்பாசமுத்திரத்திலிருந்து மச்சினன் போன் செய்தான். "அத்தான், அஞ்சு நிமிஷமா சுத்திக்கிட்டே இருக்கு, ஒருத்தரும் வரலயே." சரி, நானே போய்ச் சேரலாம் என்று உள்ளே நுழைந்தேன். முடியவில்லை. இரண்டு நாளாக ஆடி அவன் இரண்டாவது ரேங்குக்குப் போயிருந்தான், நான் முதலில் நின்றேன். நான் எழுதிய கேமில், நான் போட்ட விதி, என்னையே என் மச்சினனோடு ஆட விடவில்லை.

இதில் ஒரு கள்ளக் கணக்கும் சேர்ந்துகொண்டது. எங்கள் திரையில் சராசரிக் காத்திருப்பு 14 விநாடி என்று காட்டியது. பிறகு ஏன் மக்கள் புலம்புகிறார்கள் என்று குழம்பினோம். ஒரு வாரம் கழித்துத்தான் புரிந்தது. மேட்ச் கிடைத்தவர்களின் நேரத்தை மட்டுமே அது எண்ணியிருக்கிறது. ஒரு நிமிடம் காத்திருந்துவிட்டுச் சலித்து வெளியேறியவர் கணக்கிலேயே இல்லை. ஆகவே சராசரியைப் பார்க்காதீர்கள். 'ஆடு' பட்டனை அழுத்திய நூறு பேரில் எத்தனை பேர் ஆட்டத்துக்குள் போனார்கள் என்று பாருங்கள்.

காசு கொடுத்து வாங்கிய கேம் என்றால் ஆள் நாளைக்கும் திறந்து பார்ப்பார், போட்ட பணம் இழுக்கும். இலவச கேமுக்கு அந்தக் கொக்கி இல்லை. ஒரு முறை வெறும் லாபியை, அதாவது ஆள் சேரக் காத்திருக்கும் திரையை, பார்த்தவர் அழித்துவிட்டுப் போய்விடுவார். அவர் போனதால் அடுத்தவர் இன்னும் கொஞ்சம் காத்திருப்பார், அவரும் போவார். நாங்கள் என்ன செய்தோம்? ஆள் பற்றவில்லை என்று விளம்பரத்துக்கு இரண்டு லட்சம் செலவழித்தோம். கூட்டாளி வீட்டு நகையை அடகு வைத்த பணம். ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றினோம்.

நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்துக்கு ஐந்து தேர் உண்டு. சுவாமி தேரை இழுக்க நிற்கும் கூட்டத்தை ஐந்தாகப் பிரித்து ஐந்து வடத்தையும் ஒரே நேரத்தில் கையில் கொடுத்துப் பாருங்கள், சுவாமி தேர் நிலையை விட்டு அசையாது. கூட்டம் அதே கூட்டம்தான்.

கடைசியில் என்ன செய்தோம் என்றால், மூன்று மோடை மூடினோம். மும்பை சர்வரை மட்டும் வைத்துக்கொண்டோம். ஃபிராங்பர்ட்டுக்கு வந்த வெளிநாட்டுக்காரர்கள் யாருமில்லை. எங்களுக்கு வாய்த்த வெளிநாட்டுக்காரர்கள் மேலப்பாளையத்திலிருந்து துபாய் போய்க் கடையில் நிற்கும் பையன்கள். அவர்களுக்கு மும்பையே போதும். ரேங்கைப் பெயருக்கு மட்டும் காட்டிவிட்டு, ஆள் சேர்ப்பதில் அதைப் பார்க்காமல் விட்டோம். அப்புறம் ஒரு காரியம், எல்லோரும் சிரித்தார்கள்: கேமை மாலை 7 முதல் 10 மணி வரை மட்டும் திறந்தோம். நாள் முழுக்கச் சிதறிக் கிடந்தவர்கள் மூன்று மணி நேரத்துக்குள் வந்து சேர்ந்தார்கள். 'ஏழு மணிக்கு வாங்க' என்று ஒருவருக்கொருவர் சொல்லவும் ஆரம்பித்தார்கள்.

இரண்டாவது மோடை எப்போது திறக்கலாம்? ஆள் மிகக் குறைவாக இருக்கும் வேளையிலும் பத்தில் ஒன்பது பேருக்கு அரை நிமிடத்துக்குள் ஆட்டம் கிடைத்தால் திறங்கள். அதுவரை அந்த மோடு உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கட்டும், ஊசிப் போகாது.

'அமாங் அஸ் 2018இல் வந்தது, 2020இல்தானே ஓடியது, நாங்களும் காத்திருப்போம்' என்பார்கள் சிலர். அது பத்து நண்பர்கள் தங்களுக்குள் ஒரு குறியீட்டைச் சொல்லித் தனி அறை திறந்து ஆடக்கூடிய கேம். உலகத்தில் வேறு யாருமே ஆடாவிட்டாலும் அந்தப் பத்துப் பேருக்கு அது முழுமையான ஆட்டம். உங்கள் கேமில் தனி அறை வசதி இருக்கிறதா? இல்லையென்றால் முதலில் அதைச் செய்யுங்கள். பிறகு காத்திருங்கள்.

பாட் வைக்க வெட்கப்படுவது

பாட் என்றால் ஆளுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரே ஆடும் ஆட்டக்காரர். அது வேண்டாம் என்று கூட்டாளி ஒரு மாதம் சண்டை போட்டார். ஆளை ஏமாற்றுவது என்றார். பப்ஜி மொபைலில் புதியவர்களின் முதல் ஆட்டங்களில் நிறைய பாட் உண்டு என்பது ஆடியவர்களுக்குத் தெரியும், அதற்காகக் கேம் படுத்துவிடவில்லை. ஆனால் அவர் சொன்னதிலும் விஷயம் இருந்தது. அதனால் எங்கள் பாட்களின் பெயருக்குப் பக்கத்தில் சின்ன பனங்காய்ப் படம் போட்டோம். தெரிந்தவர்களுக்குத் தெரியும். இருபது விநாடிக்குள் எட்டுப் பேர் சேராவிட்டால் மீதி இடத்தில் பனங்காய்கள் வந்து உட்காரும். பாட்டை எழுதும்போது அதைக் கொஞ்சம் தடுமாற விடுங்கள். எங்கள் முதல் பாட் மரத்துக்குப் பின்னால் ஒளிந்தவனையும் நேராக வந்து பிடித்தது. அதைத் திருடன் என்றே எல்லோரும் திட்டினார்கள், அது போலீஸாக வந்தபோதும்.

வைஃபையில் மட்டும் சோதிப்பது

பாபநாசம் பஸ்ஸில் ஏறுங்கள். ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து, மூவாயிரம் ரூபாய்க்கு வாங்கிய பழைய போனில் உங்கள் கேமை ஆடுங்கள். மலை நெருங்க நெருங்க சிக்னல் போய்ப் போய் வரும். எங்கள் கேமில் ஒரு முறை தொடர்பு அறுந்தால் ஆள் அவுட், மீண்டும் லாபிக்குத்தான் வர வேண்டும். வீட்டு வைஃபையிலிருந்து தெருவுக்கு இறங்கும்போது போன் மொபைல் டேட்டாவுக்கு மாறும், ஐபி முகவரியும் மாறும், சர்வர் அவரைப் புது ஆள் என்று நினைத்துவிடும். ஆளை முகவரியால் அடையாளம் காணாமல் உள்ளே வரும்போது கொடுத்த டோக்கனால் அடையாளம் கண்டு, ஒரு நிமிடமாவது அவருடைய இடத்தைப் பிடித்து வையுங்கள். இதைக் கற்றுக்கொள்ள எங்களுக்கு ஆன செலவு பஸ் டிக்கெட் மட்டும்தான். வெளியீட்டுக்கு முன்பே எடுத்திருக்கலாம்.

தேதியை முதலில் அறிவிப்பது

2023 நவம்பர் 13க்குப் பிறகு கூகுள் பிளேயில் தனிநபர் கணக்குத் திறந்தவர்கள், குறைந்தது 12 பேரை வைத்துத் தொடர்ந்து 14 நாள் மூடிய சோதனை நடத்திய பிறகுதான் பொதுவெளியீட்டுக்கு விண்ணப்பிக்கவே முடியும். அந்த வாள்சண்டைப் பையன்கள் பொங்கல் வெளியீடு என்று போஸ்டர் அடித்துவிட்டு வந்து என்னிடம் சொல்கிறார்கள், சோதனைக்கு இன்னும் ஏழு பேர்தான் சேர்ந்திருக்கிறார்கள் என்று. அந்த ஏழில் நாலு பேர் சித்தப்பா, பெரியப்பா.

வசவை வடிகட்ட ஆங்கில வடிகட்டியை நம்புவது

நம் ஊர் வசவை ஆங்கில எழுத்தில் பத்து விதமாக எழுதலாம். முதல் நாள் பதினொன்றாவது விதத்தையும் பார்த்தோம். தட்டச்சு அரட்டையை எடுத்துவிட்டு, 'இங்க வா', 'பனைக்குப் பின்னால', 'தப்பிச்சுட்டேன்லே' என்று பன்னிரண்டு ஆயத்த வாக்கியங்கள் வைத்தோம். மக்கள் அதை வைத்தே சண்டை போட்டார்கள், அது பரவாயில்லை.

பத்து ரூபாய் கட்டி ஆடு, ஜெயித்தால் நூறு

2025ஆம் ஆண்டின் ஆன்லைன் கேமிங் சட்டத்தைப் படித்துவிட்டு வாருங்கள். திறமை ஆட்டமா, அதிர்ஷ்ட ஆட்டமா என்ற பேச்சுக்கே அதில் இடமில்லை. பணம் வைத்து, பணம் வெல்லலாம் என்று ஆட வைத்தால் தடை. உடை, தொப்பி, மீசை விற்றுச் சம்பாதியுங்கள். எங்களுக்கு அதிகம் விற்றது மீசை.

சனிக்கிழமை இரவு அப்டேட் விடுவது

வேண்டாம்.