நடுச்சுவரைத் தொடுமுன்

பெங்களூரு அல்சூர் சந்துகளில் ஒட்டியிருக்கும் பல வீடுகளுக்கு இடையே நடுச்சுவர் ஒன்றுதான். மாடி எடுக்க நினைப்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இரு வீட்டுக் கிரயப் பத்திரங்களையும்தான். எல்லை விவரத்தில் பொதுச்சுவர் என்று இருக்கிறதா, பாருங்கள். பிறகு கனம். 4½ அங்குலச் சுவர் என்றால் அதன்மேல் பாரம் ஏற்ற நான் சம்மதிக்கவே மாட்டேன். உங்கள் பக்கம் தனித் தூண்கள் எழுப்புங்கள்.

வேலை தொடங்குமுன் பக்கத்து வீட்டை அறை அறையாகப் பாருங்கள். அந்த வீட்டு அம்மாவும் கூடவே நிற்கட்டும். பீரோவை நகர்த்தச் சொல்லுங்கள், பழைய விரிசல்கள் அங்கேதான் ஒளிந்திருக்கும். ஒவ்வொன்றின் நுனியிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதி, அளவுகோலை வைத்துப் படமெடுங்கள். குறுக்கே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை மெல்லியதாகப் பூசிவிடுங்கள்; அது பிளந்தால் சுவர் அசைகிறது, வேலையை உடனே நிறுத்த வேண்டும். இந்த விரிசல்களையெல்லாம் குறிப்பாக எழுதி, அதில் இரு வீட்டாரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீடு உங்கள் நிலத்திலிருந்தோ சுவரிலிருந்தோ 20 ஆண்டுகள் தடையின்றி, அமைதியாகப் பெற்ற தாங்கலை, அதாவது விழாமல் தாங்கி நிற்கும் பலத்தை, 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் (Easements Act) 15ஆம் பிரிவு அந்த வீட்டின் உரிமையாக்குகிறது. ஆகவே சுவரோரம் அடித்தளம் தோண்டும்போது முழு நீளத்தையும் ஒரேயடியாகத் திறக்காதீர்கள். சிறு சிறு துண்டாகத் தோண்டி, ஒன்றில் கான்கிரீட் இறுகிய பிறகே அடுத்ததைத் தொடுங்கள்.