ஓடிபியைச் சொல்லாமல் இருந்தால் மட்டும் போதாது

“உங்கள் கேஒய்சி காலாவதியாகிவிட்டது, இன்று இரவுக்குள் புதுப்பிக்காவிட்டால் கணக்கு முடக்கப்படும்” என்று எங்கள் தெருவில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. அதனுடன், வங்கியின் சின்னம் பொறித்த ஏபிகே கோப்பு (ஆண்ட்ராய்டு போனில் செயலியை நிறுவும் கோப்பு) ஒன்றும் இருந்தது. அவர் அதை நிறுவியதும், குறுஞ்செய்திகளைப் படிக்க அந்தச் செயலி அனுமதி கேட்டது, அவரும் கொடுத்துவிட்டார். அதன்பின் யாரும் அவரிடம் ஓடிபி கேட்கவே இல்லை. ஏனெனில், அவருடைய போனுக்கு வந்த ஒவ்வொரு ஓடிபியும் அவர் பார்ப்பதற்கு முன்பே மோசடிக்காரரின் கைக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஆகவே, வங்கிச் செயலியை பிளே ஸ்டோர் அல்லது ஆப் ஸ்டோரிலிருந்து மட்டுமே நிறுவுங்கள். போனின் அமைப்புகளுக்குள் சென்று, வெளியிலிருந்து வரும் செயலிகளை நிறுவும் அனுமதி வாட்ஸ்அப்புக்கோ பிரௌசருக்கோ கொடுக்கப்பட்டிருந்தால், அதை இன்றே நீக்கிவிடுங்கள். வாடிக்கையாளர் சேவை எண்ணைக் கூகுளில் தேடாமல், ஏடிஎம் அட்டையின் பின்புறத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். யுபிஐயில் பணம் பெறுவதற்கு ரகசிய ‘பின்’ (PIN) எண் தேவையே இல்லை என்பதால், “பணம் வர வேண்டுமானால் பின் எண்ணைப் போடுங்கள்” என்று எவர் சொன்னாலும் அது மோசடிதான்.

பலரும் செய்யத் தவறும் ஒரு காரியம் உண்டு: ஓய்வூதியம், சேமிப்பு போன்ற பெரிய தொகையை யுபிஐயுடன் இணைக்காத கணக்கில் வைத்துவிட்டு, அன்றாடச் செலவுக்கு மட்டும் வேறொரு கணக்கைப் பயன்படுத்துவதும், அதன் தினசரி வரம்பைக் குறைத்துவைப்பதும் ஆகும்.

பணம் போய்விட்டது என்று தெரிந்தால், தயங்கவோ வெட்கப்படவோ வேண்டாம். தவறான செயலி உள்ள போனை உடனே விமானப் பயன்முறைக்கு மாற்றிவிட்டு, வேறொரு போனிலிருந்து வங்கியையும், 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணையும் அழையுங்கள். திருடப்பட்ட பணம் நிமிடக் கணக்கில் கணக்குவிட்டுக் கணக்குத் தாவுவதால், அது எங்கேனும் நிற்கும்போதே முடக்கப்பட வேண்டும். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கை, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் பணம் போயிருந்தாலும், அவர் வங்கிக்குத் தெரிவித்த பிறகு ஏற்படும் இழப்பை வங்கியே ஏற்க வேண்டும் என்று வகுத்தது. எனவே, புகார் எண்ணையும் புகார் கொடுத்த நேரத்தையும் அப்போதே ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.