ஆளுநருக்கு எத்தனை வரியம்? கணக்குப் பிழைக்கும் இடங்கள்

"ஆளுநருக்கு இன்னும் ரெண்டு வரியம் கிடக்குத்தானே, ஆறுதலாக் குடுப்பம்." யாழ்ப்பாணத்தில் மனுவோடு அலைகிறவர்கள் இப்படிச் சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். என்னிடம் மாலையில் குடியியல் படிக்க வரும் பிள்ளைகளின் விடைத்தாளிலும் இதே கணக்குத்தான். பதவியேற்ற ஆண்டோடு ஐந்தைக் கூட்டி எழுதிவிடுகிறார்கள்.

ஐந்து என்பது சரிதான். இலங்கை அரசியலமைப்பின் 154ஆ உறுப்புரை, மாகாண ஆளுநருக்குப் பதவியேற்ற நாளிலிருந்து 5 ஆண்டு என்றே சொல்கிறது. ஆனால் அதே உறுப்புரை, ஜனாதிபதி விரும்பும் காலம் வரைதான் ஆளுநர் பதவி வகிக்கலாம் என்றும் சொல்கிறது. பிள்ளைகள் விட்டுவிடும் வரி அதுதான். ஒரு நியமனத்துக்கு ஆகக் கூடினது 5 ஆண்டு. அதற்குள் எந்த நாளிலும் முடியலாம்.

வடக்கின் அனுபவத்தைப் பாருங்கள். 2009இல் ஆளுநராக வந்த ஜி. ஏ. சந்திரசிறி, 2014இல் மறுபடியும் நியமிக்கப்பட்டார். ஐந்தைக் கூட்டினால் 2019 வரவேண்டும். 2015 தையில் ஜனாதிபதி மாறினார், அந்த மாதமே ஆளுநரும் மாறினார். பின் வந்த பாலிஹக்கார ஏறக்குறைய ஒரு வருடம், ரெஜினோல்ட் குரே மூன்று வருடத்துக்கும் குறைவு, சுரேன் ராகவன் ஒரு வருடம்கூட இல்லை. 2018 முடிவில் எல்லா ஆளுநர்களிடமும் பதவி விலகல் கடிதம் கேட்கப்பட்டது. 2023 மே மாதத்தில் வடக்கு, கிழக்கு, வடமேல் ஆளுநர்கள் ஒன்றாக நீக்கப்பட்டார்கள்.

ஒருமுறை இருந்தவர் திரும்ப வரமுடியாது என்பதும் பிழை. எத்தனை முறை என்று அரசியலமைப்பு வரம்பு வைக்கவில்லை. பி. எஸ். எம். சார்ள்ஸ் 2019இலும் 2023இலும் இரண்டு தரம் வந்தார்.

எனக்கு ஆகக் கவலை தரும் பிழை வேறொன்று: மாகாண சபை நினைத்தால் ஆளுநரை நீக்கலாம் என்பது. அரசியலமைப்பை வேண்டுமென்றே மீறியது, ஊழல், இலஞ்சம் போன்ற காரணங்களைக் காட்டி, மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் தீர்மானம் நிறைவேற்றினால், நீக்கும்படி ஜனாதிபதிக்கு ஆலோசனை சொல்லலாம். சபைக்கு உள்ளது அவ்வளவுதான். 38 பேர் கொண்ட வட மாகாண சபையில் அதற்கு 26 பேர் வேண்டும். அந்தச் சபையின் காலமோ 2018 ஐப்பசியில் முடிந்துபோயிற்று. சபையின் 5 ஆண்டும் ஆளுநரின் 5 ஆண்டும் வேறு வேறு; சபை கலைந்தாலும் ஆளுநர் இருப்பார். சபை இல்லாத காலத்தில் மாகாணத்தின் நிறைவேற்று அதிகாரம் அவர் கையிலேயே இருக்கும், கேள்வி கேட்க நாங்கள் தெரிவுசெய்த ஒருவரும் இருக்கமாட்டார்கள். ஆளுநரின் காலக் கணக்கைச் சரியாகப் படியுங்கள் என்று பிள்ளைகளிடம் நான் மன்றாடுவது இதனால்தான்.

தமிழ்நாட்டுச் செய்தி பார்த்துவிட்டு அந்தச் சட்டத்தை இங்கே பொருத்துகிறவர்களும் உண்டு. இந்திய அரசியலமைப்பின் 156ஆம் உறுப்பும் 5 ஆண்டுதான் சொல்கிறது, ஆனால் அடுத்தவர் பொறுப்பேற்கும்வரை பழையவர் தொடரலாம். மத்திய ஆட்சி மாறியது என்பதற்காக மட்டும் ஆளுநரை நீக்கக்கூடாது என்று 2010இல் இந்திய உச்ச நீதிமன்றம் சொன்னது. அது அந்த நாட்டுத் தீர்ப்பு. அமெரிக்காவில் ஆளுநரை மக்களே தெரிவுசெய்கிறார்கள். பெரும்பாலும் 4 ஆண்டு, வெர்மொன்டிலும் நியூ ஹாம்ப்ஷயரிலும் 2. எங்கள் மத்திய வங்கி ஆளுநருக்கு 6. சொல் ஒன்று, பதவிகள் வேறு.

மனு எழுதுகிறவர்களுக்கு ஒன்று. என் அயலவர் ஒருவர் காணிப் பிணக்குக்கு ஆளுநரின் பெயரைப் போட்டே கடிதம் அனுப்பினார். மறுமொழி வரமுதல் ஆளுநர் மாறிவிட்டார், அயலவர் முதலிலிருந்து தொடங்கவேண்டி வந்தது. பெயரை விட்டு, "ஆளுநர், வடக்கு மாகாணம்" என்று பதவிக்கே எழுதுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டையும் பிரதியையும் பத்திரமாக வைத்திருங்கள்.