உழவு இயந்திரத்துக்குப் பாரப் பெட்டி: பொருத்தமான இணைப்பைத் தெரிவுசெய்தல்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் உழவு இயந்திரம் வைத்திருப்பவர்களுள் பலருக்கு, உழவைவிட, பாரம் ஏற்றும் பெட்டியைப் (ட்ரெயிலரை) பின்னால் கொளுவி இழுப்பதே ஆண்டு முழுவதும் கைகொடுக்கும் தொழிலாக இருக்கிறது. பெட்டி வாங்கப் போகும்போது தகட்டின் தடிப்பையும் ரயரின் தேய்வையும் தட்டியும் தடவியும் பார்ப்பவர்கள், அதை இயந்திரத்தோடு கொளுவும் இடத்தை மட்டும் பட்டறைக்காரரின் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறார்கள். இயந்திரத்துக்கு இழுக்கும் வலு இருக்கிறதா என்பது இரண்டாவது கேள்வி. பெட்டியின் பாரத்தில் எவ்வளவு பங்கு இயந்திரத்தின்மேல், எந்த இடத்தில், எந்த உயரத்தில் இறங்குகிறது என்பதே முதற்கேள்வி.

ஏ9 வீதியில் கொள்கலன் ஏற்றிவரும் பிரைம் மூவரைப் பாருங்கள். அதன் முதுகிலுள்ள ஐந்தாம் சில்லு எனப்படும் தட்டில், பின்பெட்டியின் 50 மில்லிமீற்றர் கிங் பின் என்ற உருக்கு முளை பூட்டிக்கொள்கிறது. அந்தத் தட்டு பின் அச்சுக்கு நேர் மேலேயோ சற்று முன்னாலோ அமைந்திருப்பதால், இறங்கும் பாரம் முன் சில்லுகளைத் தூக்குவதில்லை. உழவு இயந்திரத்திலோ இணைப்பு பின் அச்சுக்குப் பின்னால் இருக்கிறது. ஆகவே பாரம் கூடக்கூட முன்பகுதி இலேசாகி, சுக்கானைத் திருப்பினாலும் வண்டி நேரே போகும் நிலை வருகிறது.

ஏற்றும் பாரத்தை முதலில் கணக்கிடுங்கள். மணல் ஒரு கியூப் என்பது 100 கன அடி, அதாவது ஏறத்தாழ 2.83 கன மீற்றர். காய்ந்த மணல் கன மீற்றருக்கு 1.6 தொன் அளவில் வருமென்பதால், ஒரு கியூப் நான்கரைத் தொன் நிறுக்கும். மாரியில் நனைந்த மணல் 5 தொன்னையும் தாண்டும். வெற்றுப் பெட்டி ஒரு தொன் என்றால், காய்ந்த மணலோடு மொத்தம் ஐந்தரைத் தொன்.

உதாரணமாக, 1,900 கிலோ நிறையுள்ள இயந்திரத்தின் முன் அச்சில் 760 கிலோ இருக்கிறது என்றும், இரு அச்சுகளுக்கும் இடைத்தூரம் 1.9 மீற்றர் என்றும், இணைப்பு பின் அச்சுக்கு 0.65 மீற்றர் பின்னால் என்றும் கொள்வோம். பெட்டியின் முன் தண்டு 800 கிலோவை இறக்கினால், 800ஐ 0.65ஆல் பெருக்கி 1.9ஆல் வகுக்க வரும் 274 கிலோ முன் அச்சிலிருந்து கழிந்து, 486 கிலோ மிஞ்சும். இயந்திரத்தின் சொந்த நிறையில் ஐந்திலொரு பங்காவது, இங்கே 380 கிலோ, முன் அச்சில் எப்போதும் நிற்க வேண்டும். அதே தண்டில் 1,200 கிலோ இறங்கினால் மிஞ்சுவது 350 கிலோ மட்டுமே. இது தட்டையான வீதியில் நிற்கும்போது உள்ள கணக்கு. இரணைமடுப் பக்கம் நெல் ஏற்றி வாய்க்கால் கட்டில் ஏறும்போது முன்பகுதி இன்னும் இலேசாகும்.

தண்டில் இறங்கும் பாரத்தை ஊகிக்கத் தேவையில்லை. லொறி நிறுக்கும் தராசில் ஏற்றிய பெட்டியின் தண்டை மட்டும், இணைப்பின் உயரத்தில் ஒரு ஜக்கின்மேல் நிறுத்தி, சில்லுகளைத் தராசுக்கு வெளியே கட்டை வைத்து மறித்து நிறுக்கலாம். பெட்டியின் அச்சு பின்னுக்குப் போகப்போகத் தண்டின் பாரம் கூடும் என்பதைப் பெட்டி அடிக்கக் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். கல்லைப் பின்பக்கத்திலிருந்து இறக்கும்போதும் தண்டின் பாரம் ஏறும். முன்பக்கத்திலிருந்து இறக்கினால் தண்டு மேலெழுந்து பின் சில்லுகளின் பிடியைக் குறைக்கும்.

இனி இணைப்பு வகைகள். இயந்திரத்தின் பின்னால் கலப்பையைத் தூக்கும் கீழ்க் கைகளுக்கிடையே பூட்டும் துளையிட்ட குறுக்குச் சட்டம் மலிவானது. ஆனால் அதைத் தாங்குவது ஹைட்ரோலிக் மட்டுமே என்பதால், பாரப் பெட்டிக்கு அதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். இடம் வலமாக அசையும் இழுவைச் சட்டம் கலப்பை போன்றவற்றை இழுக்க நல்லது. பெட்டி கொளுவினால் அந்தச் சட்டத்தை நடுவில் பின் (பூட்டு முளை) போட்டு நிலைநிறுத்த வேண்டும், அதன் நிலைக்குத்துப் பாரத்துக்கும் எல்லை உண்டு. பின்புறத் தகட்டில் ஏற்றி இறக்கக்கூடிய, இரு தாடைகளுக்கிடையே பின் போடும் இணைப்புப் பரவலாகக் கிடைக்கிறது. அதைப் பெட்டி மட்டமாக நிற்கும் உயரத்தில், ஆனால் பின் அச்சின் உயரத்துக்கு மேலே போகாமல் வையுங்கள். அச்சுக்கு மேலிருந்து இழுக்கும் இயந்திரம் பின்னோக்கிக் கவிழக்கூடும். சேற்றில் புதைந்த பெட்டியை எடுக்கச் சங்கிலியை மேல் கையின் கொளுவிடத்தில் கட்டுவது உயிரைப் பறிக்கும் செயல். ஒற்றை அச்சுப் பாரப் பெட்டிக்கு எனது தெரிவு, இயந்திரத்தின் அடியில் பின் அச்சுக்கு மிக நெருக்கமாகவும் பதிவாகவும் அமையும் கொளுக்கி வகை. அது பெட்டித் தண்டின் முனையிலுள்ள வளையத்தை மேலிருந்து பூட்டிப் பிடிக்கும்; தூரம் குறைவதால் முன் அச்சு இழப்பதும் குறையும்.

இணைப்பிலுள்ள தயாரிப்பாளரின் தகட்டில், அது தாங்கக்கூடிய இழுவிசையைக் காட்டும் டி பெறுமதியும் நிலைக்குத்துப் பாரமும் பொறிக்கப்பட்டிருக்கும். இயந்திரம், பெட்டி இரண்டின் நிறையையும் தொன்னில் பெருக்கி, அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்து, 9.81ஆல் பெருக்கினால் தேவைப்படும் டி பெறுமதி கிலோநியூட்டனில் வரும். மேலே சொன்ன 1.9 தொன், 5.5 தொன் சோடிக்கு அது ஏறத்தாழ 14. தகடே இல்லாத பழைய இணைப்பை வாங்க வேண்டாம்.

பின்னில் காசை மிச்சம் பிடிக்காதீர்கள். கட்டடக் கம்பியை வெட்டிப் போடுவதும், மரை வெட்டிய போல்ட்டைச் செருகுவதும் நம்மிடையே வழக்கமாகிவிட்டன. மரையின் ஒவ்வொரு வெட்டும் உடைவு தொடங்கும் இடம். பழைய பின்னை வெளியே இழுத்து வெளிச்சத்தில் பாருங்கள்: வளையம் உரசும் நடுப்பகுதி பளபளத்து இடுப்புப்போல ஒடுங்கியிருந்தால், அதே அளவு தேய்வு வளையத்தின் உள்விளிம்பிலும் இருக்கும். தேய்ந்த வளையத்தை வெல்டிங் போட்டு நிரப்பினால் ஒட்டின் அருகே வெடிப்பு விழலாம். புதிதாக மாற்றுவதே முறை.

பாதுகாப்புச் சங்கிலிகள் இரண்டையும், வளைவில் இறுகாத அளவு தொய்வு விட்டு, தண்டுக்குக் கீழே குறுக்காகப் போடுங்கள். இணைப்புப் பின் கழன்றாலும் தண்டு நிலத்தில் குத்தாது. பாரப் பெட்டிக்குத் தனி பிறேக் அவசியம், ஏனெனில் இறக்கத்தில் ஐந்தரைத் தொன் பின்னாலிருந்து தள்ளும்போது எந்த இணைப்பும் வண்டியை மடங்காமல் காக்காது. புதிய இணைப்பைப் பூட்டியதும் ஒழுங்கையின் முடக்கில் இரு பக்கமும் முழுமையாகத் திருப்பி, இயந்திரத்தின் பின் சில்லு தண்டில் முட்டுகிறதா என்று வெறும் பெட்டியோடு பாருங்கள். முதற்பாரத்தோடு ஓரிரு கிலோமீற்றர் ஓடியபின் வண்டியை நிறுத்தி, இணைப்பைத் தாங்கும் போல்ட்டுகளை மறுபடியும் இறுக்குங்கள்.