கூரியர் பெட்டி வாசலுக்கு வரும்போது என்ன விலை?

தீபாவளி நெருங்கினால் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் தையல் கடைக்கு வருகிறவர்கள் கைப்பேசியை நீட்டி, "அக்கா, இந்தியாவில் இந்தச் சேலை பாதி விலைதான், வாங்கட்டுமா?" என்று கேட்பார்கள். வாங்குங்கள், ஆனால் முதலில் ஒரு தாளில் கணக்குப் போடுங்கள் என்பேன்.

சேலை விலைக்குக் கீழே தபால் செலவை எழுதுங்கள். கூரியர்காரர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை, பெட்டியின் அளவையும் பார்ப்பார்கள். நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000-ஆல் வகுப்பார்கள். கொலு பொம்மை வரும் 50, 40, 40 பெட்டி தராசில் 4 கிலோதான் இருக்கும். கணக்கில் 16 கிலோ. எது அதிகமோ அதற்குத்தான் காசு. சேலையை மடித்துத் தட்டையாக அனுப்பச் சொன்னாலே நிறைய மிச்சம்.

அடுத்தது வரி. 2024 ஜனவரி 1 முதல், 500 வெள்ளி (ரிங்கிட்) வரையுள்ள வெளிநாட்டு ஆன்லைன் பொருளுக்கு 10 சதவீத விற்பனை வரி உண்டு. பதிவு பெற்ற விற்பனையாளர் இதை வாங்கும்போதே பிடித்துவிடுவார். 500-ஐத் தாண்டினால் கணக்கே மாறும். பொருள், தபால், காப்பீடு மூன்றையும் கூட்டி அதன்மேல் இறக்குமதி வரி, அந்த வரியையும் சேர்த்த தொகைமேல் விற்பனை வரி. விகிதம் பொருளுக்குப் பொருள் மாறும், சிலவற்றுக்கு இறக்குமதி வரியே கிடையாது. பொருள் 600, தபால் 120, இறக்குமதி வரி 15 சதவீதம், விற்பனை வரி 10 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 910 வெள்ளி 80 காசு. நம் சார்பில் வரி கட்டியதற்கு கூரியர் கேட்கும் கட்டணம் தனி.

இங்கேதான் நம் பெண்கள் மாட்டிக்கொள்கிறார்கள். தபால் செலவைப் பங்கு போடலாம் என்று நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரே பெட்டியில் வரவழைக்கிறார்கள். தனித்தனியாக 200 வெள்ளிச் சேலைகள், சேர்ந்ததும் 800. இரண்டு விதமாகவும் கணக்குப் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

"அன்பளிப்பு என்று எழுதி விலையைக் குறைத்துப் போடுகிறேன்" என்று கடைக்காரர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அது பொய் அறிவிப்பு, சட்டப்படி குற்றம். பெட்டி தொலைந்தாலும், எழுதிய அந்தக் குறைந்த விலைக்குமேல் இழப்பீடு கேட்க முடியாது.

கார்டில் கட்டும்போது வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம் சேரும். இணையதளம் "ரிங்கிட்டில் கட்டுகிறீர்களா?" என்று கேட்டால் பெரும்பாலும் ரூபாயே மலிவு, அவர்கள் மாற்றும் விகிதத்தில் லாபம் வைத்திருப்பார்கள்.

மிக்சி, கிரைண்டர் என்றால் இன்னும் யோசியுங்கள். இந்திய மின்சாரம் நம்முடையதோடு ஒத்துப்போகும், ஆனால் அங்குள்ள உருண்டை முள் பிளக் நம் சுவரில் நுழையாது. வீட்டு மின்சாதனங்களுக்கு இங்கே அனுமதியும் வேண்டும். அங்கே கொடுக்கும் உத்தரவாதம் இங்கே செல்லுமா என்று கேளுங்கள். அமெரிக்க 120 வோல்ட் சாமான் என்றால் டிரான்ஸ்ஃபார்மர் விலையையும் சேருங்கள்.

ரெடிமேட் பிளவுஸ் அளவு சரியில்லாமல் போனால் திருப்பி அனுப்பும் தபால் செலவு யாருடையது என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இதெல்லாம் கூட்டி வந்த தொகையோடு ஈப்போ லிட்டில் இந்தியா கடை விலையை ஒப்பிடுங்கள். துணியைத் தொட்டுப் பார்த்து வாங்க, பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது.

அப்புறம், "வரி பாக்கி, இந்த லிங்க்கில் கட்டுங்கள்" என்று குறுஞ்செய்தி வந்தால் அமுக்காதீர்கள். கூரியர் தளத்துக்கு நீங்களே போய், பார்சல் எண்ணைப் போட்டுப் பார்த்த பிறகு கட்டுங்கள்.