கருப்பை உட்படலப் புற்றுநோய்: அறுவைக்குப் பின் வரும் பயாப்சி அறிக்கையைப் படிக்கும் முறை

கருப்பையை அகற்றிய பின் நோய்க்கூறியல் அறிக்கை கைக்கு வந்ததும் பெரும்பாலோர் முதலில் தேடுவது ‘ஸ்டேஜ் எத்தனை’ என்பதைத்தான். நோய் திரும்பி வரும் வாய்ப்பையும், கதிரியக்கமோ கீமோவோ தேவையா என்பதையும் அந்த ஓர் எண் மட்டும் சொல்லிவிடாது என்பதால், அதைக் கடைசியில் படிப்பதே நல்லது.

முதலில் திசு வகையைப் பாருங்கள். பரவலாகக் காணப்படுவது என்டோமெட்ரியாய்டு வகை. அதில் சுரப்பி வடிவம் இழந்து திண்மமாக வளர்ந்த பகுதி 5 சதவீதத்துக்குள் இருந்தால் கிரேடு 1, 50 சதவீதம் வரை கிரேடு 2, அதற்கு மேல் கிரேடு 3. சீரஸ், கிளியர் செல், கார்சினோசார்கோமா ஆகியவை கட்டி சிறிதாக இருந்தாலும் தீவிர வகைகளே. கிரேடு என்பது செல்களின் குணம், ஸ்டேஜ் என்பது நோய் பரவிய தூரம். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அடுத்து, தசைச் சுவருக்குள் ஊடுருவிய ஆழம். ‘15 மி.மீ. தடிமனில் 4 மி.மீ.’ என்றிருந்தால் அது பாதிக்குக் கீழ். பாதியையோ அதற்கு மேலோ எட்டினால் ஆபத்து கூடுகிறது. அடினோமயோசிஸ் (கருப்பை உட்படலத் திசு தசைச் சுவருக்குள் வளர்ந்திருக்கும் நிலை) திட்டுகளுக்குள் மட்டும் இருக்கும் புற்று ஊடுருவலாகக் கணக்கிடப்படுவதில்லை.

இரத்த, நிணநீர் நாளங்களுக்குள் புற்றுச் செல்கள் உள்ளனவா என்ற வரியைத் தவறவிடாதீர்கள். ஓரிரு நாளங்களில் தென்படுவதும், ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட நாளங்களில் தென்படுவதும் ஒன்றல்ல. பின்னது நிணநீர்க்கணுக்களில் நோய் இருப்பதற்கும் மீண்டும் வருவதற்கும் வலுவான அறிகுறி. கணுவில் 0.2 மி.மீ.க்கு மிகாத தனித்த செல்கள் மட்டும் இருந்தால் ஸ்டேஜ் உயர்வதில்லை.

மூலக்கூறு பரிசோதனைப் பகுதியில்தான் படிப்பவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். ‘நெகட்டிவ்’ என்றால் நல்லது என்ற பழக்கம் இங்கே பலிக்காது. பி53 என்னும் புற்றுத்தடுப்புப் புரதத்தைக் காட்டும் சாயம் செல்கள் முழுவதும் அடர்ந்து ஏறினாலும் பிறழ்வு, அறவே ஏறாவிட்டாலும் பிறழ்வு; பொதுவாக முன்கணிப்பு மோசமான பிரிவு அதுதான். எம்எல்எச்1, பிஎம்எஸ்2, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6 ஆகிய, டிஎன்ஏ பிழைகளைத் திருத்தும் நான்கு புரதங்களில் ஏதேனும் இல்லாமற்போனால், லிஞ்ச் நோய்க்குறி என்னும் பரம்பரைக் காரணத்தைப் பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும். உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் அது பொருந்தக்கூடும். சாயத்தில் தெரியாமல் மரபணு வரிசையிடலில் மட்டும் தெரியும் போல்-இ என்னும் மரபணுப் பிறழ்வு இருந்தால், கிரேடு 3 கட்டியாக இருந்தாலும் முன்கணிப்பு மிக நன்றாக இருக்கும். பி53 பிறழ்வு கூடவே இருந்தாலும் போல்-இ முடிவே மேலோங்கும்.

இப்போது ஸ்டேஜைப் பாருங்கள். அது ஃபிகோ (பன்னாட்டு மகளிர் நோயியல், மகப்பேறு மருத்துவக் கூட்டமைப்பு) வகுத்த 2009 முறையா, 2023 முறையா என்பதையும் கேளுங்கள். தசைச் சுவரில் பாதிக்குக் கீழ் ஊடுருவிய, பி53 பிறழ்வுள்ள கட்டி பழைய முறையில் 1ஏ. மூலக்கூறு முடிவையும் சேர்த்துக்கொள்ளும் புதிய முறையில் அதே கட்டி 2சி.