அண்ணன் தம்பி கடைக்கு வக்கீலைப் பார்க்கப் போகும்போது

கீழமாசி வீதியில் அப்பா ஆரம்பித்த மொத்த மளிகைக் கடையைச் சேர்ந்து நடத்துகிறீர்களா? வக்கீலைச் சண்டை வந்த பிறகு தேடாதீர்கள், கல்லாவில் பணம் புரளும்போதே பாருங்கள். கூட்டாண்மைப் பத்திரம், மூன்று வருடக் கணக்கு, கட்டடம் யார் பெயரில் என்பதற்கான பத்திரம் எல்லாம் கையோடு எடுத்துப் போங்கள். (கட்டடம் அம்மா பெயரில், வியாபாரம் பிள்ளைகள் பெயரில், வாடகை ஒப்பந்தம் கிடையாது. பல வீட்டுக் கதை இதுதான்.)

ஜிஎஸ்டி எண் இருப்பது வேறு, 1932 கூட்டாண்மைச் சட்டப்படி நிறுவனத்தைப் பதிவு செய்வது வேறு. பதியாவிட்டால் பிரிவு 69 குறுக்கே நிற்கும். நாலு லோடு சரக்கு எடுத்துவிட்டு இழுத்தடிக்கிற ஆள் மேல் நிறுவனம் பாக்கிக்கு வழக்குப் போட முடியாது.

அப்புறம், வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசாத விஷயம். பத்திரத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, பங்குதாரர் ஒருவர் இறந்தாலே நிறுவனம் கலைந்துவிடும். ‘வாரிசைச் சேர்த்துத் தொடரலாம்’ என்று ஒரு வரி எழுதிவிட்டு நிம்மதியாக இருப்பார்கள், ஆனால் இருப்பதே இரண்டு பேர் என்றால் அந்த வரியை நம்பி இருக்க முடியாது, ஒருவர் போனால் கூட்டு ஏது? அண்ணியையோ மகளையோ மூன்றாவது ஆளாக இப்போதே சேர்ப்பது பற்றிக் கேளுங்கள்.

விலகுகிறவர் பங்கை எப்படி மதிப்பிடுவது, எத்தனை தவணையில் கொடுப்பது என்பதையும் எழுதுங்கள். விலகியதும் பொது அறிவிப்பு கொடுக்க வேண்டும், இல்லையென்றால் பிறகு கடை வாங்கும் கடனும் அவர் தலையில் விழலாம்.

பாகப்பிரிவினை என்று வந்துவிட்டால் மட்டும் ஆளுக்கொரு வக்கீல், அப்பா காலத்து வக்கீல் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி.